கூடையில் மிஞ்சிய கொய்யா

நான் வேலை பார்த்த ஆய்வகத்துக்குப் புதிதாக ஒரு இயந்திரம் வந்திருக்கிறதாம். இப்போது அங்கே இருக்கும் பெண் ஒருத்தி போனில் சொன்னாள். ஒரு துளி சாற்றை உள்ளே விட்டால் போதும், நூற்றுக்கணக்கான பூச்சிமருந்துகளில் எது இருக்கிறது, எது இல்லை என்று கம்ப்யூட்டர் திரையில் வரிசையாக வந்துவிடுமாம். "நீங்கள்லாம் அந்தக் காலத்துல எப்படி மேடம் சமாளிச்சீங்க? கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்" என்று கேட்டாள். சமாளித்தோம் என்று யார் அவளுக்குச் சொன்னது என்று தெரியவில்லை. முழங்கால் வலியோடு உட்கார்ந்து எழுதுகிறேன். பெருமை பேச எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மதுரையில் பி.எஸ்ஸி. வேதியியல், கோயம்புத்தூரில் சில மாதப் பயிற்சி, எண்பதுகளின் நடுவில் ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலை. என் படிப்புக் கதை அவ்வளவுதான். வீடு ராஜபாளையத்தில். கணவர் நூற்பாலையில் ஷிப்ட் வேலை. காலையில் சோறு வடித்து, டிபன் பாக்ஸைக் கட்டிக்கொண்டு, பஸ்ஸில் தொங்காத குறையாகப் போய் இறங்கினால் மாடியில் எங்கள் ஆய்வகம். பழம், காய்கறிகளில் பூச்சிமருந்து எவ்வளவு தங்கியிருக்கிறது என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. "பழத்தை அரைக்கிற ஆபீஸ்" என்று கீழே டீக்கடையில் எங்களுக்குப் பெயர். அதில் தப்பும் இல்லை.

உண்மையிலேயே அரைக்கத்தான் செய்வோம். பழத்தை நறுக்கி, அசிட்டோன் ஊற்றி மிக்சியில் அடித்து, வடிகட்டி, பிரிப்புப் புனலில் ஹெக்சேன் என்ற இன்னொரு கரைப்பானோடு சேர்த்துக் குலுக்க வேண்டும். குலுக்கக் குலுக்க உள்ளே ஆவி அழுத்தும். மூடியைத் திறந்து விட்டு விட்டுக் குலுக்கவில்லை என்றால் எல்லாம் முகத்தில் அடிக்கும். பிறகு அந்தச் சாற்றிலிருந்து பச்சையும் பசையும் போக ஒரு கண்ணாடிக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்கி, வற்ற வைத்து, கடைசியில் மிஞ்சும் கொஞ்சத்திலிருந்து ஊசியில் ஒரு சொட்டு எடுத்து ஜி.சி.க்குள் விடுவோம். வாயு நிறப்பிரிகைக் கருவி என்று பாடப்புத்தகத்தில் அதற்குப் பெயர். பெயர்தான் பெரிது, கரண்ட் போனால் அதுவும் எங்களைப் போலச் சும்மா உட்கார்ந்திருக்கும். திரும்பக் கரண்ட் வந்து அது சூடேறி நிதானத்துக்கு வருவதற்குள் சில சமயம் அன்றைய பொழுதே போய்விடும்.

அந்தக் கருவியோடு ஒரு பேனா இருந்தது. நகர்ந்துகொண்டே இருக்கும் தாளில் அது கோடு போடும். மருந்து வந்தால் கோடு மலை மாதிரி ஏறி இறங்கும். மலை எவ்வளவு பெரியதோ மருந்து அவ்வளவு. அதை எப்படி அளப்போம் என்று கேட்டால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். கத்தரிக்கோலால் அந்த மலையைத் தாளிலிருந்து வெட்டி எடுத்து, ரசாயனத் தராசில் எடை போடுவோம். தாளின் எடையிலிருந்து மருந்தின் அளவைக் கணக்குப் போடுவோம். தையல்காரி ஆகியிருந்தால் இன்னும் நன்றாகப் பிழைத்திருப்பேன் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

எனக்கு மேலதிகாரி வெங்கட்ராஜா சார். ராஜபாளையத்துக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். ஒரு வேலை அவருக்குப் பிடித்தபடி முடிந்தால் "சரே" என்பார். அதற்கு மேல் பாராட்டு கிடையாது. "விஷம்" என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. யாராவது "பழத்துல விஷம் இருக்கா சார்?" என்று கேட்டால், "எந்த மருந்து, எம்புட்டுன்னு கேளுங்க, சொல்றேன்" என்பார். கேட்டவர் அதற்குள் அடுத்த ஆளிடம் பேசிக்கொண்டிருப்பார்.

எந்த மாதிரியைப் பரிசோதித்தாலும் அதற்கு முன்னால் பழமே போடாமல் வெறும் அசிட்டோனையும் ஹெக்சேனையும் வைத்து எல்லா வேலையையும் ஒருமுறை செய்ய வேண்டும். அதற்குப் பிளாங்க் என்று பெயர். அதில் கோடு நேராக வந்தால்தான் எங்கள் கையும் கண்ணாடியும் சுத்தம் என்று அர்த்தம். சாருக்கு இதில் சமரசமே கிடையாது. பவுடர் போட்டுக்கொண்டு உள்ளே வரக்கூடாது. அலமாரியில் பூச்சி உருண்டை வைக்கக்கூடாது. பழத்திலிருந்து எதைக் கிள்ளிப் போட்டாலும் குப்பையில் எறியக்கூடாது, ஜாடியில் போட்டு ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், அறிக்கை போய் ஒரு மாதம் ஆகும் வரை அது இருக்க வேண்டும். பெண்கள் தலையில் பூ வைத்துக்கொண்டு உள்ளே வரவே கூடாது. கதவுக்கு வெளியே பூவுக்கென்று ஒரு ஆணி அடித்து வைத்திருந்தார். நாங்கள் காலையில் வைத்துவந்த மல்லிகைச் சரத்தை அதில் மாட்டிவிட்டு உள்ளே போவோம். சாயங்காலம் அது வாடிப்போயிருக்கும். "பூவுக்கு அடிக்கிற மருந்து கையில ஒட்டும், கையிலருந்து கண்ணாடிக்குப் போகும்" என்பார். நாங்கள் நம்பவில்லை. மனுஷனுக்குப் பூ வாசம் தலைவலி, அதை வெளியே சொல்லக் கூச்சம் என்று பேசிக்கொண்டோம்.

மாதிரி எடுப்பது இன்னொரு தலைவலி. ஜனங்களுக்கு அரசாங்க ஆபீசுக்கு ஒரு பழம் கொண்டுபோவது என்றால் அதில் நல்ல பழமாகப் பொறுக்கிக் கழுவித் துடைத்துத்தான் கொண்டுவருவார்கள். தேவதானத்திலிருந்து ஒருவர் மாம்பழங்களை எவர்சில்வர் தட்டில் வெற்றிலையோடு அடுக்கி எடுத்து வந்தார், பெண் கேட்கப் போகிற மாதிரி. கழுவியதில் என்னத்தைப் பரிசோதிப்பது? திருப்பி அனுப்பினால் "பழம் நல்லா இல்லையாக்கும்?" என்று மனம் வாடிப் போவார்கள். அதனால் நாங்களே போய்ப் பறிப்பது என்று வைத்துக்கொண்டோம். மரத்தின் நாலு பக்கமும், மேலும் கீழும், நல்லதும் சொத்தையும் கலந்து பறிக்க வேண்டும்.

இத்தனை ஒழுங்கும் இருந்தும் ஒரு மனிதருக்கு எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதைத்தான் எழுத வந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். கான்சாபுரத்தைத் தாண்டி, பிளவக்கல் போகும் வழியில் ஒரு சின்ன ஊர். அங்கே சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. விளைச்சலில் முதல் பங்கை ஆலயத்துக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். நெல், தேங்காய், பூசணி, கோழி, பழக்கூடை எல்லாம் வரும். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஒருவர் கூடுதல் விலைக்கு எடுத்து, திரும்பக் கோயிலுக்கே கொடுப்பார், அது மறுபடியும் ஏலத்துக்கு வரும். அந்த வருஷம் ஒரு கொய்யாக் கூடை அப்படியே சுற்றி வந்து, கடைசியில் எடுத்தவர் அதை ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நறுக்கிக் கொடுத்துவிட்டார். அதோடு அசனமும் நடந்தது. அசனம் என்றால் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற பொதுச் சாப்பாடு. ஆட்டுக்கறிக் குழம்பு. அன்று சாயங்காலமே பெரியவர்களும் பிள்ளைகளுமாகப் பலர் வாந்தி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நல்ல வேளையாக எல்லாரும் பிழைத்துக்கொண்டார்கள்.

சுகாதார ஆய்வாளர் போய்ச் சேர்ந்தபோது குழம்பு அண்டாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். சோறும் இல்லை, குழம்பும் இல்லை. கூடையின் அடியில் கொஞ்சம் கொய்யா மட்டும் மிஞ்சியிருந்தது. அவர் அதைத்தான் பையில் போட்டுச் சீல் வைத்து எங்களுக்கு அனுப்பினார். கழுவிப் போன குழம்பை யாரும் சந்தேகப்படவில்லை. மிஞ்சிய பாவத்துக்குக் கொய்யா மாட்டிக்கொண்டது.

நான்தான் பரிசோதித்தேன். பழங்களில் நூலும் வாடிய மல்லிகை இதழும் ஒட்டியிருந்தன. வேற்றுப் பொருள் என்று கிள்ளி ஜாடியில் போட்டேன். தாளில் எண்டோசல்ஃபான் என்ற பூச்சிமருந்து வந்தது. அது ஜோடியாகத்தான் வரும், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மலை, வேறு எதோடும் குழப்பிக்கொள்ள முடியாது. ஆனால் மலைகள் சின்னவை. சார் தாளை வெகு நேரம் பார்த்தார்.

"இதைச் சாப்பிட்டா ஒருத்தருக்கும் வாந்தி வராது, சகுந்தலா. நாளெல்லாம் தின்னாலும் வராது" என்றார். அறிக்கையில் அளவை எழுதி, இந்த அளவு உடனடி உபாதை தரக்கூடியதல்ல என்றும் எழுதி அனுப்பினார்.

யார் படித்தார்கள் அந்த இரண்டாவது வரியை? "பழத்துல மருந்து இருக்குன்னு லேப்ல சொல்லிட்டாகளாம்" என்ற பேச்சு மட்டும் பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டது. அந்தக் கொய்யாக் கூடையைப் படைத்த தோட்டக்காரர் ஆசீர்வாதம் அடுத்த வாரமே எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். ஐம்பது வயசு இருக்கும், ஒல்லியான மனிதர். கையில் ஒரு பை நிறையக் கொய்யா.

"அய்யா, எந் தோட்டத்துல நான் வேப்பெண்ணெயும் சோப்பும் தவிர வேற ஒண்ணும் அடிக்கது இல்ல. வேதத்து மேல கை வச்சுச் சொல்லுதேன். ஏவாரி வண்டி வரமாட்டேங்கான். காயெல்லாம் பழுத்து வருது. கொய்யா நமக்காகக் காத்துக்கெடக்குமா? இந்தப் பழத்தப் பாருங்க, மரத்துலருந்து இப்பத்தான் பறிச்சது."

"நீங்க கொண்டுவந்தத நான் பாக்கக்கூடாது" என்றார் சார். அந்த மனிதரின் முகம் விழுந்துவிட்டது. சார் அதைக் கவனித்தாரோ என்னவோ, "நாங்க வாரோம். நாளைக்கே வாரோம்" என்றார்.

போனோம். மரத்தடியெல்லாம் பழம் விழுந்து ஈ மொய்த்துக் கிடந்தது. புளித்த வாடை. விதிப்படி நானே பறித்தேன். ஆசீர்வாதம் கிட்டே வராமல் வரப்பிலேயே நின்றார், வந்தால் அதற்கும் ஏதாவது சொல்வோமோ என்று பயந்த மாதிரி.

திரும்பி வந்து பார்த்தால் கோடு நேராக ஓடியது. எண்டோசல்ஃபானும் இல்லை, வேறு எதுவும் இல்லை. அதே தோட்டம், அதே மரம். சாருக்கு முதல் சந்தேகம் எங்கள் மேல்தான். கண்ணாடிச் சாமான்களை எல்லாம் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவி மறுபடியும் பிளாங்க் ஓட்டினோம். அதுவும் நேராக வந்தது. முதலில் வந்த பழத்தில் மிச்சம் வைத்திருந்ததைத் தோல் தனி, சதை தனியாகப் பார்த்தோம். தோலில் மட்டும் இருந்தது. தோட்டத்துப் பழத்தில் துளியும் இல்லாததோடு சேர்த்துப் பார்த்தபோது, மரத்தில் அடித்த மருந்து இல்லை, பறித்த பிறகு எங்கோ ஒட்டியது என்று தெரிந்தது.

"அந்தப் பழத்துலருந்து என்னமும் எடுத்துப் போட்டீங்களா?" என்று கேட்டார்.

"நூலும் பூவும் சார். ஜாடியில இருக்கு."

அவர் எழுந்து போய்க் கதவைத் திறந்து வெளியே இருந்த அந்த ஆணியைப் பார்த்தார். அதில் என் பூச்சரம் தொங்கிக்கொண்டிருந்தது.

ஜாடியிலிருந்த இதழ்களை ஹெக்சேனில் அலசி ஊசியில் ஏற்றினேன். பேனா விறுவிறுவென்று ஏறித் தாளின் விளிம்பில் முட்டி நின்றுவிட்டது. திரும்ப இறங்க வெகு நேரம் ஆனது. பிறகு இரண்டாவது மலைக்கும் அதே மாதிரி போய் முட்டியது. நான் பயந்துவிட்டேன் என்றே சொல்ல வேண்டும். எத்தனை வருஷமாகத் தலையில் வைத்துக்கொண்டு திரிகிறோம். சார் "சரே" என்றார், ஆனால் அவர் குரலில் சந்தோஷம் இல்லை.

பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்காலமே கூடைகளைக் கொண்டுபோய் ஆலயத்தில் வைத்துவிடுவார்களாம். பழம் தெரியாதபடி ஈர மல்லிகைச் சரத்தைச் சுற்றிச் சுற்றி அலங்காரம் செய்து, விடியும் வரை மூடி வைப்பார்களாம். கூடை பார்க்க அழகாக இருந்தால் ஏலம் ஏறும். விடிய விடியப் பூவிலிருந்த மருந்து பழத்தின் மேல் இறங்கியிருக்கிறது.

எனக்கு அன்று உண்மையிலேயே மகிழ்ச்சி. இந்த வேலைக்கு வந்ததற்கு ஒரு மனிதரையாவது காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்தேன். ஆசீர்வாதத்தை வரச்சொல்லி, சார் எல்லாவற்றையும் அவருக்குப் புரியும்படி விளக்கினார். உங்கள் பழத்தில் குற்றம் இல்லை, பூவிலிருந்து வந்தது, அறிக்கையில் அப்படியே எழுதப்போகிறேன் என்றார். ஆசீர்வாதத்தின் முகம் ஒரு நொடி மலர்ந்தது. பிறகு மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"யாரு பூவுன்னு எழுதுவீகளா அய்யா?"

"யாரு பூவுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? பூன்னுதான் எழுதுவேன்."

"எங்க ஊருல மல்லி போட்டிருக்கது ஒரே ஒரு ஆளுதான். எங்க மதினி. அண்ணன் எறந்த பொறவு அந்தத் துண்டு நெலத்த வச்சுத்தான் அவிய ரெண்டு பொம்பளப் பிள்ளைய வளக்காக. கோயிலுக்குன்னு அம்புட்டுப் பூவையும் சும்மாதான் குடுத்தாக."

நான்தான் பொறுக்காமல், "அதுக்கு உங்க பழம் அழுகணுமாண்ணே? மருந்தடிச்சா நாலு நாள் கழிச்சுப் பறிக்கச் சொல்லலாமில்ல?" என்றேன்.

"பூ தெனம் பூக்கது மேடம். இன்னிக்கு மொட்ட இன்னிக்குப் பறிக்காட்டி நாளைக்கு யாரு வாங்குவா? மருந்து அடிக்காட்டிப் புழு தின்னுட்டுப் போயிரும். அவிய என்ன செய்வாக?" ஸ்டூலை விட்டு எழுந்து சாரின் மேசைப் பக்கம் வந்தார். "எம் பழத்துக்கு வந்த கதி அவிய பூவுக்கும் வரணுமா அய்யா? எனக்கு மரமிருக்கு. வெட்டி வித்தாலும் வெறகாகும். அவியளுக்கு அதுவும் இல்ல. பூவுன்னு எழுதாதீக."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்த மனிதர் மேலா, சார் மேலா, அண்டாவைக் கழுவி வைத்தவர்கள் மேலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சார் பேனாவை எடுத்தார், மூடினார், மறுபடி எடுத்தார். கடைசியில் தோட்டத்துப் பழத்தில் மருந்து ஏதும் இல்லை என்றும், முதல் மாதிரியில் தோலில் மட்டும் இருந்தது, அது பறித்த பின் வெளியிலிருந்து ஒட்டியது என்றும் எழுதினார். பொய் ஒரு வார்த்தை இல்லை. பூ என்ற வார்த்தையும் இல்லை.

ஆசீர்வாதம் போன பிறகு நான் சாரிடம் சண்டை போட்டேன். "பாதி உண்மைய எழுதிக் குடுத்து என்ன சார் பிரயோசனம்?" என்றேன்.

"நம்மகிட்டக் கேட்டது பழத்தப் பத்தி. பழத்தப் பத்தி முழுசா எழுதியாச்சு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "அந்தாளு சம்மதிக்காம நான் எப்படி எழுதுவேன், சகுந்தலா?" என்றார். சர்க்கார் அறிக்கைக்கு யார் சம்மதமும் தேவையில்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அந்தத் தாளை ஊர்க்காரர்கள் படித்த விதம்தான் கொடுமை. பறித்த பின் வெளியிலிருந்து ஒட்டியது என்றால், பழம் பளபளப்பாக இருக்கப் பறித்த பிறகு மருந்தில் முக்கி எடுத்திருக்கிறான் என்று அர்த்தம் சொல்லிக்கொண்டார்கள். தோட்டத்துப் பழம் சுத்தம் என்று வந்ததற்கு, லேப்காரர்களுக்குக் கொய்யா மூட்டை போயிருக்கும் என்றார்கள். வியாபாரி வரவில்லை. அந்தப் பருவத்துக் கொய்யா முழுவதும் மண்ணுக்குத்தான் போனது. அடுத்த பருவத்துக்கும் வண்டி வரவில்லை என்று கேள்விப்பட்டேன். அந்த மதினியம்மாளுக்கு இது கடைசிவரை தெரியாது. தெரியாதபடி ஆசீர்வாதம் பார்த்துக்கொண்டார்.

இரண்டு வருஷம் கழிந்திருக்கும். ராஜபாளையத்தில் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறேன். கடைத்தெரு முனையில் ஒரு தள்ளுவண்டியில் கொய்யா. பக்கத்தில் ஆசீர்வாதம். இன்னும் மெலிந்திருந்தார். வியாபாரி வராத பழத்தைத் தானே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து, தன்னைத் தெரியாத ஊரில் விற்கிறார். ஆனால் தெரியாத ஊரிலும் யாரோ ஒருவர் ஒருநாள் "ஏலே, அந்தக் கோயில் பழமால இது?" என்று சத்தம் போட்டிருக்கிறார். அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருந்தார். யார் வந்து விலை கேட்டாலும், தராசைத் தொடுவதற்கு முன் கூறிலிருந்து ஒரு பழத்தை எடுத்து நறுக்கி, வந்தவர் கண் முன்னால் ஒரு துண்டைத் தான் தின்பார். அப்புறம்தான் எடை.

என்னை அடையாளம் கண்டுகொண்டார். "வாங்க மேடம், சார் சொகமா?" என்றார். நான் ஒரு கிலோ கேட்டேன். கத்தியை எடுத்தார்.

"எனக்கு எதுக்குண்ணே? எனக்குத் தெரியாதா?"

"பழகிப்போச்சு மேடம்." துண்டை வாயில் போட்டு மென்றார். "ஒங்க மிசினவிட இது வெரசா முடிஞ்சிருதுல்லா?" என்று சிரித்தார். அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மதினி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "அவியளுக்கென்ன, மூத்தவளுக்குக் கல்யாணம் முடிச்சாச்சு. பூவு நல்ல வெலைக்குப் போகுது" என்றார். நாள் முழுக்கத் தின்று தின்று அவருக்கு வயிறு உப்பி, ஏப்பம் வந்துகொண்டே இருந்தது. பழத்தை என் பையில் போட்டுக் கொடுத்தார்.

அதற்குள் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு, "அரைக் கிலோ போடுங்க" என்றார். ஆசீர்வாதம் என்னிடம் "செத்த நேரம் இருங்க மேடம்" என்று சொல்லிவிட்டு இன்னொரு பழத்தை நறுக்கினார். ஒரு துண்டை வாயில் வைத்து, தொண்டையில் இறங்க மாட்டேன் என்றதைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். சைக்கிள்காரர் எதற்கென்று தெரியாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.